நாகர்கோவில் தெருக்களில் படம் எடுப்பது: கேட்டதும் சொன்னதும்

என் பிழைப்பு கல்யாண ஆல்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு கோட்டாறு, வடசேரி என்று சுற்றுகிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தக்கலை: கன்னியாகுமரியில் சூரிய உதயம் எடுக்க எந்த லென்ஸ், அண்ணாச்சி?

அங்கே விடிகாலையில் நூறு பேர் கேமராவோடு நிற்பார்கள், அவர்களைக் கேளுங்கள் தம்பி. எனக்குத் தெருதான் தெரியும்.

மார்த்தாண்டம்: எங்கள் ஊரில் மேம்பாலமும் நெரிசலும்தான். எதை எடுக்க?

அந்தப் பாலத்தின் அடியைத்தான். மாலையில் வெயில் சரிந்ததும் தூண்களுக்கு நடுவே பட்டை பட்டையாக வெளிச்சம் விழும். வெளிச்சம் விழுந்த இடத்தைப் போன் திரையில் அழுத்திப் பிடித்து, பிரகாசத்தைக் கொஞ்சம் குறையுங்கள். நிழலிலிருந்து ஒருவர் அதற்குள் கால் வைக்கும்வரை காத்திருங்கள்.

குளச்சல்: எந்த கேமரா வாங்கலாம்?

கையில் இருக்கும் போன் போதும். வாங்கியே தீருவேன் என்றால், கடல் ஊர்க்காரர் நீங்கள், பூஞ்சையை மறக்காதீர்கள். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. பையிலேயே கிடக்கும் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படரும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கோட்டாறு: கம்போளச் சந்தையில் படுதாவுக்குக் கீழே பழக்குலைகளை எடுத்தால் எல்லாம் நீலமாக வருகிறது.

நல்ல கேள்வி. நீலப் படுதா வழியாக வருவது நீல வெளிச்சம். அதில் ஏத்தன் பழத்தின் மஞ்சள் செத்துப்போகும், சிவப்புச் செந்துளுவன் கறுத்துவிடும். கேமரா நிறத்தைத் திருத்தும் வெள்ளைச் சமநிலையை மாற்றிப் பழத்தைச் சரி செய்தால், வெளியே வெயிலில் நிற்கிறவர் ஆரஞ்சாகிவிடுவார். படுதாவின் விளிம்பில் தொங்கும் குலையை எடுங்கள், அதில் வானத்து வெளிச்சம் நேராக விழும்.

அப்படியே தரையையும் பாருங்கள். படுதாவின் பொத்தல் கிழிசலாக, கோணலாக இருக்கும். கீழே விழும் ஒளிப்பொட்டு வட்டமாக இருக்கும். சின்னப் பொத்தல் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பத்தைத் தரையில் போடுகிறது. 2010 ஜனவரி 15 அன்று நம் மாவட்டத்தில் கங்கண சூரிய கிரகணம், சூரியன் வளையமாகத் தெரிந்த நாள். மத்தியானம் ஒரு மணி தாண்டியதும் ஊரே அண்ணாந்து பார்க்க, நான் ஒரு வேப்பமரத்தடியில் குனிந்து நின்றேன். இலை இடுக்குகள் வழியாக மண் முழுக்க வளையல் வளையலாக வெளிச்சம். ஒரு பாட்டி தன் முந்தானையில் விழுந்த வளையலைத் தொட்டுப் பார்த்தார். அப்போது என் கையில் இருந்தது ஓர் ஓட்டைப் போன்.

இரணியல்: முப்பதாயிரத்துக்குள் எந்த கேமரா?

குளச்சல்காரருக்குச் சொன்னதுதான். பூஞ்சையும் சேர்த்து.

திங்கள்நகர்: டீக்கடையில் ராத்திரி எடுத்தால் படத்தில் கறுப்புக் கோடுகள்.

மலிவு எல்.இ.டி. விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு அதன் இரு மடங்காக, நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வையுங்கள், கோடு போய்விடும்.

வடசேரி: நாகர்கோவில் மணிக்கூண்டான மணிமேடையின் படத்தில் குறுக்கே ஒயர்கள். போனே அழித்துத் தருகிறது. அழிக்கலாமா?

கூடாது.

தக்கலை: அண்ணாச்சி, கல்யாண ஆல்பத்தில் முகப்பருவை அழிக்கவில்லையா?

அது காசு கொடுத்தவர் விருப்பம். மணிமேடை என்ன உங்களிடம் காசு கொடுத்ததா?

வடசேரி: ஒயரில் என்ன அழகு? திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்துக் கட்டடம், அதைப் பார்க்க விட வேண்டாமா?

ஐப்பசி மழை விட்டதும் போய்ப் பாருங்கள். ஒயர் நெடுக நீர்த்துளிகள் தொங்கும். பஸ் திரும்பும்போது ஹெட்லைட் பட்டு ஒவ்வொன்றாக மஞ்சளாகும். நான் பழைய படம் ஒன்றில் தையல்கடைப் போர்டை அசிங்கம் என்று வெட்டியெறிந்தேன். கை எழுத்துப் போர்டு. கடை போய்விட்டது, போர்டும் போய்விட்டது, வெட்டிய படம் மட்டும் இருக்கிறது.

தக்கலை: சரி, குறுக்கே கிடக்கும் குப்பைத்தொட்டியை நகர்த்தினால்?

நீங்கள் இரண்டடி நகருங்கள். நான் ஒருமுறை வாசலில் கிடந்த செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு எடுத்தேன். செருப்புக்காரர் வெளியே வந்து பேசியதை இங்கே எழுத முடியாது.

வடசேரி: அப்போ செருப்பை நகர்த்துவது மட்டும் பாவம், ஒயரை அழிப்பது பாவமில்லையா என்று நானே கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் அழித்த படம்தான் அழகு.

வீட்டில் மாட்டுங்கள். அழிக்காததையும் வைத்திருங்கள்.

முட்டம்: மீன் விற்கும் அக்காவைக் கேட்காமல் எடுக்கலாமா?

கேளுங்கள். அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். மீன் வாங்கினால் இன்னும் நல்லது.

குலசேகரம்: அண்ணே, எந்த கேமரா வாங்கலாம்?

சிலிக்கா ஜெல் வாங்குங்கள்.