வீட்டில் செய்யும் வீடியோ கேம் பெட்டிக்குள் டிவியை எப்படிப் பொருத்துவது?

கேள்வி: வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி (காசு போட்டு விளையாடும் கூடங்களில் நின்ற வீடியோ கேம் பெட்டி) ஒன்று செய்யப் போகிறேன். பரணில் பழைய டியூப் டிவி கிடக்கிறது. 32 அங்குல எல்இடி ஒன்றும் இருக்கிறது. எதை வைக்கலாம், பெட்டிக்குள் எப்படிப் பொருத்துவது? வீடு ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில்.

பிளைவுட் வாங்கிவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால் நல்லது. எந்த டிவி என்று முடிவாகாமல் பலகையில் ரம்பம் வைக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பல, ஆர்கேட் கூடங்களில் இருந்த 19 அல்லது 25 அங்குலத் திரையை மனத்தில் வைத்துப் போட்டவை. அந்தத் திரைகளுக்குப் பிளாஸ்டிக் கூடு கிடையாது. வெறும் பிக்சர் டியூப், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், அவ்வளவுதான். வீட்டு டிவியோ கூட்டோடு வருகிறது. திரை அதே அளவாக இருந்தாலும் பக்கவாட்டில் கூடுதல் இடம் கேட்கும். ஆகவே டிவியைத் தரையில் இறக்கி, அகலம், உயரம், ஆழம் மூன்றையும் டேப் பிடித்து எழுதிக்கொண்டு, பிறகு பெட்டியை வரையுங்கள்.

எது என்று கேட்டால், டியூப் நல்ல நிலையில் இருந்தால் டியூப்தான் என்பேன். பழைய விளையாட்டுகள் 4:3 திரைக்காக எழுதப்பட்டவை. 32 அங்குல எல்இடியில் படத்தின் உயரம் சுமார் 40 சென்டிமீட்டர். அதில் 4:3 படத்தை வைத்தால் அகலம் 53 சென்டிமீட்டர் வரும். அதாவது உங்களுக்குக் கிடைப்பது 26 அங்குலப் படம், இரு பக்கமும் தலா 9 சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை. அந்தப் பட்டைக்காகவும் சேர்த்துப் பெட்டியின் உள் அகலம் 73 சென்டிமீட்டராவது வேண்டும். பெட்டி பீரோவைப் போல ஆகிவிடும். எல்இடிதான் என்றால் 24 அங்குலம் போதும். அதில் கிடைக்கும் 4:3 படம் ஏறக்குறைய பழைய 19 அங்குல ஆர்கேட் திரையின் அளவுதான்.

பரணில் கிடப்பது 2006க்குப் பிறகு அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி என்றால், நிற்கும் பெட்டி வேண்டாம், மேஜைமேல் வைக்கும் சிறு பெட்டி செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த டிவி என்றால் இன்னும் யோகம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்) வீடுகளில் துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் வந்த 21 அங்குல டிவிகள் இன்றும் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் பல, எல்லா நாட்டு ஒளிபரப்பையும் ஏற்கும் மல்டி சிஸ்டம் வகை. இது ஏன் முக்கியம் என்றால், நம் நாட்டு டிவி ஒளிபரப்பு முறையின் பெயர் பால் (PAL), அதில் திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். பழைய ஆர்கேட் விளையாட்டுகள் ஓடுவதோ சுமார் 60 முறை. பால் முறையை மட்டும் அறிந்த டிவியில், அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து முறையான 60 ஹெர்ட்ஸ் என்டிஎஸ்சி (NTSC) சிக்னலைக் கொடுத்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். பழைய டிவிடி பிளேயரில் என்டிஎஸ்சி அமைப்பைத் தேர்ந்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். (1982இல் ரூபவாஹினி தொடங்கியபின் ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்த கடற்கரை இது. டிவி விஷயத்தில் நமக்கு எப்போதுமே உள்ளூரைவிடக் கடல் தாண்டியதுதான் ராசி.)

படம் மங்கி, நிறம் வெளிறி, போட்டு வெகுநேரம் கழித்துத் தெளிகிறது என்றால் அந்த டியூப் முடிந்துவிட்டது. அதற்குப் பெட்டி செய்து உழைப்பை வீணாக்க வேண்டாம்.

இப்போது பொருத்துவதைச் சொல்கிறேன். டியூபைக் கூட்டிலிருந்து கழற்றிப் பொருத்தச் சொல்லும் காணொளிகள் நிறைய. கழற்றாதீர்கள். பிக்சர் டியூபின் ஆனோடில் (உயர் மின்னழுத்தம் ஏறும் முனை) இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் தங்கும், ஏனென்றால் டியூபின் உள்பூச்சும் வெளிப்பூச்சும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டராக வேலை செய்கின்றன. டியூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி, உள்ளே வெற்றிடம். ஒரு திருப்புளி தவறி விழுந்தால் போதும். கூட்டோடு உள்ளே வைத்து, முன்பக்கச் சட்டத்தால் கூட்டை மறைப்பதே வீட்டு வேலைக்குச் சரி.

21 அங்குல டிவி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். எடையில் பெரும்பகுதி முன்கண்ணாடியில். எனக்குப் பலகை வேலை செய்து கொடுத்த ஆசாரி, வள்ளம் கட்டிப் பழகியவர், டிவியை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டே சொன்னார்: “தம்பி, கண்ணாடி இருக்கிற பக்கம்தான் கனம். முன்னால் தாங்கு கொடுக்காமல் பின்னால் எத்தனை ரீப்பர் அடித்தாலும் வீண்.” அவர் செய்தது இப்படி: இரு பக்கப் பலகைகளிலும் உட்புறம் சாய்வாக ரீப்பர் ஒட்டி, ஸ்க்ரூவும் போட்டார். சாய்வு 15 பாகை. முன்விளிம்பு உயரம், பின்விளிம்பு தாழ்வு. அதன்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் தட்டு. தட்டின் முன்விளிம்புக்கு அடியில் குறுக்காக ஒரு தடித்த கட்டை. எடையை வாங்குவது இதுதான். பின்னால் சறுக்காமல் இருக்கக் கூட்டின் அடிவிளிம்பு முட்டும் இடத்தில் இன்னொரு குறுக்குக் கட்டை. பின்மூடியின் மெல்லிய பகுதி எதிலும் முட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், லாரியில் சரக்குக் கட்டும் நாடா ஒன்று, காற்றுத் துளைகளை மறைக்காமல். டிவியின் பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்க்ரூகூட ஏற்றவில்லை. முன்சட்டம் வெறும் முகமூடி. அது எந்தப் பாரத்தையும் தாங்கக் கூடாது.

முன்சட்டம் வெட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். திரை முன்புறம் புடைத்திருப்பதால் அளவுகோல் உதவாது. பழைய அட்டைப்பெட்டியை நான்கு பட்டைகளாக வெட்டி, மேல், கீழ், இடம், வலம் என ஒவ்வொன்றாகத் திரைவரை நகர்த்துங்கள். பட்டையின் விளிம்பு கண்ணாடியைத் தொடும் வளைவுக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்து, நான்கும் சரியாக உட்கார்ந்ததும் மூலைகளில் டேப் ஒட்டி, அப்படியே ஒரே துண்டாக எடுத்து, கறுப்புப் பலகைமேல் வைத்து வரையுங்கள். ஒட்டுவதற்கு முன், விளையாடும்போது நிற்கும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தபோது மறைந்த கூட்டின் விளிம்பு, மேலிருந்து பார்க்கையில் எட்டிப் பார்க்கும். ரிமோட் கண்ணுக்கு நேராகச் சிறு துளை விட மறந்துவிடாதீர்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கர்களையே பயன்படுத்துவது உத்தமம். சாதாரண ஸ்பீக்கரை டியூப் அருகே வைத்தால் அதன் காந்தம் திரை மூலையில் பச்சையும் ஊதாவுமாகக் கறை போடும்.

பேக்-மேன் (1980), கலாகா (1981) போன்றவை நெட்டுக்குத்தான திரைக்கானவை. அதற்காக டியூப் டிவியைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டாம். மேல்நோக்கி வெப்பம் போகும்படி அமைத்த துளைகள் திசைமாறிவிடும், நிறமும் கெடும். சிறிய படமாக நடுவில் வைத்து விளையாடிக்கொள்ளலாம்.

கம்பி விஷயம் சுருக்கமாக. விளையாட்டை ஓட்டுவதற்குப் பலரும் வைக்கும் சிறு கணினியான ராஸ்பெர்ரி பை 3, 4 இரண்டிலும் ஹெட்போன் துளையிலேயே வீடியோவும் வருகிறது. முனையிலிருந்து வரிசை: இடது ஒலி, வலது ஒலி, கிரவுண்டு, வீடியோ. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கம்பிகளில் கடைசி இரண்டும் இடம் மாறியிருப்பதுண்டு. மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எல்இடி வைப்பவர்களுக்கு வேலை குறைவு. பின்னால் நான்கு ஸ்க்ரூ துளைகள் இருக்கும். குறுக்கே ஒரு பலகை போட்டு அதில் மாட்டினால் முடிந்தது. ஸ்க்ரூ நீளம் மிஞ்சினால் பேனலைக் குத்திவிடும், அதில் மட்டும் கவனம். கேம் மோடு இருந்தால் அதைப் போடுங்கள். பட்டனுக்கும் படத்துக்கும் இடையிலான தாமதம் குறையும். பெரும்பாலான எல்இடிகள் மின்சாரம் வந்தாலும் தூக்கத்திலேயே இருக்கும். எச்டிஎம்ஐ வழியே எழுப்பும் சிஇசி வசதி உங்கள் டிவியில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே பழைய டியூப் டிவிதான் கெட்டிக்காரன்: அமுக்கினால் உள்ளே பூட்டிக்கொள்ளும் சுவிட்சு உள்ள வகையில், மெயின் சுவிட்சைப் போட்டதும் படம் வந்துவிடும்.

இனி உப்பு. மண்டபத்திலோ தொண்டியிலோ கடலுக்கு அருகில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டாம். வாசல் கிராதி நிலவரத்தைப் பார்த்தாலே போதும். உயர் மின்னழுத்தம் தூசியைத் தன்பால் இழுக்கும். அந்தத் தூசியில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் கசியும். வாடைக்காற்று அடிக்கும் மழை மாதங்களில், காலையில் டிவியைப் போட்டதும் பின்னாலிருந்து ‘உஸ்ஸ்’ என்று சத்தமும் காரமான ஒரு வாடையும் வந்தால் உடனே அணைத்துவிட்டு, டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பெட்டியின் பின்புறம் கடல் பார்த்த சன்னலை நோக்கி இருக்கக் கூடாது. அடியில் வலைத்துணி ஒட்டிய துளைகள், உச்சியில் திறந்த துளைகள் என்று விட்டால் வெப்பம் தானாக மேலேறிப் போய்விடும். விசிறி வைத்து வெளிக்காற்றை உள்ளே ஊதச் செய்வது, உப்பைக் கூலி கொடுத்து அழைத்து வருவதுதான்.

பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் வகையாக இருக்கட்டும். அதற்கும் வெட்டுமுனைகள்தான் பலவீனம். ஃபைபர் படகு பழுதுபார்க்கும் இடத்தில் கொஞ்சம் ரெசின் கேட்டு வாங்கி, வெட்டுமுனை எல்லாவற்றிலும் பூசிவிடுங்கள். பெயிண்ட் அதற்கு மேல். ஸ்க்ரூ அத்தனையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அடியில் ரப்பர் புஷ் வைத்துப் பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். வீட்டைக் கழுவும் தண்ணீர் பிளைவுட்டுக்கு ஏறாது. ஜாய்ஸ்டிக் பலகை தகரம் என்றால் எர்த் கம்பி கட்டாயம். டிவிக்கு ஸ்டெபிலைசர் போடுங்கள்.

பின்கதவை ஸ்க்ரூவால் மூடாமல் கீல் போட்டுப் பூட்டு வையுங்கள். கம்பி மாற்ற, தூசி தட்ட என்று அடிக்கடி திறக்க வேண்டிவரும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.