சிலந்தியின் கண் தெளிவு, உடல் மங்கல்: லென்ஸில் குறையா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் தாவும் சிலந்தியை, மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் எடுக்கிறேன். கண்கள் மட்டும் தெளிவாக விழுகின்றன, உடல் மங்கிவிடுகிறது. லென்ஸின் துளையை எஃப்/22 வரை குறுக்கினால் படம் முழுவதும் மழுங்குகிறது. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், பணத்தைப் பத்திரமாக வையுங்கள். சிலந்தியும், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் அதன் உருவமும் ஒரே அளவில் இருக்கும் 1:1 நிலையில், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப்/11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுதான். துளையைக் குறுக்கினால் ஆழம் கூடும். ஆனால் குறுகிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் ரோமம், செதில் போன்ற நுணுக்கங்கள் கரைந்துபோகும். அதிலும் 1:1-இல் நீங்கள் வைக்கும் எஃப்/22, எஃப்/44 போலத்தான் வேலை செய்யும். சில கேமராக்கள் இந்த மாற்றத்தைத் திரையில் காட்டும், பல காட்டுவதில்லை.

எஃப்/11-ஐத் தாண்டாமல் சற்றுப் பின்வாங்குங்கள். உருவம் பாதியளவாகக் குறையும்போது ஆழம் மூன்று மடங்காகி 4 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். மிச்சத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம் கோணம். சிலந்தியைப் பக்கவாட்டில், அதன் உடல் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி எடுத்தால் தலையும் வயிறும் ஒன்றாகத் தெளியும். வலையின் நடுவே கால்களைப் பெருக்கல் குறிபோலப் பரப்பி நிற்கும் தோட்டத்துச் சிலந்தி இதற்கு நல்ல பயிற்சி. வலைக்கு நேரே நின்றால் எட்டுக் கால்களும் கிடைக்கும். நேர்முகமாக எடுக்கும்போது முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்களைப் பிடியுங்கள், உடலை விட்டுவிடுங்கள். அது குறையே அல்ல என்பது என் கட்சி.

எஃப்/11-க்கு வெயில் மட்டும் போதாது, ஃபிளாஷ் தேவை. ஷட்டர் வேகம் 1/160 நொடி, ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 200 என்று தொடங்குங்கள். குறைந்த சக்தியில் ஃபிளாஷ் மின்னும் நேரம் மிகச் சிறிது என்பதால் இலை லேசாக ஆடினாலும் படம் கலங்காது. ஒளியை மென்மையாக்கும் வெள்ளைத் தாளையோ பிளாஸ்டிக்கையோ சிலந்திக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். இல்லையென்றால் பளபளக்கும் கண்ணில் ஃபிளாஷ்தான் தெரியும்.

ஃபோகஸைக் கையால் நிலைநிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்துங்கள். அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். விடியற்காலைக் குளிரில் பல பூச்சிகள் தாமாகவே மந்தமாக இருக்கும். ஃபோகஸைச் சிறிது சிறிதாக மாற்றி எடுத்த பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் முறையைச் செம்பருத்தியின் மகரந்தத்தண்டு போன்றவற்றுக்கு, அதுவும் காற்றில்லாத வேளையில், ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்திச் செய்துபாருங்கள்.