சானலில் குளித்த யெஸ்டி

கேள்வி (வாசகி, கருங்கல்): அண்ணாச்சி, அப்பா 1984-இல் வாங்கிய யெஸ்டி மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டுப் பிலா மரத்து மூட்டில் மூன்று வருஷமாக நின்றது. இப்போது நான் கிளப்பி ஓட்டுகிறேன். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கறகறவென்று சத்தம், பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஆட்டம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பையே மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். அதற்குள் இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் ஓடுகிற பேரிங்கை மட்டும் மாற்றினால் போதாதா? நானே மாற்ற முடியுமா? என்னிடம் பேரிங்கை இழுத்தெடுக்கும் புல்லர், அமுக்கி ஏற்றும் பிரஸ் எதுவும் கிடையாது. ஞாயிறுதோறும் அப்பா வண்டியைச் சானலில், அதாவது பாசனக் கால்வாயில், இறக்கித்தான் கழுவுவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: கடைசி வரியிலேயே பாதி பதில் இருக்கிறது மக்களே. ஓடி வந்த வண்டியின் ஹப், பிரேக் உராய்ந்து சூடாக இருக்கும். அதை அப்படியே சானல் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் வளையமான பழைய ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நம்ம ஊரில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, கருங்கலுக்குக் கடல்காற்றும் தூரமில்லை. பேரிங் தேய்ந்து போவதைவிடத் துருப்பிடித்துப் போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜினுக்கு அடியில் ஒரு ரப்பர் மரத்துண்டைக் கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். டயரை மேலேயும் கீழேயும் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். ஃபோர்க்கின் அடிக்காலைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது ஹேண்டில்பார் பக்கம் டொக்கென்று கேட்டால் அது கோன்செட், ஹேண்டில் திரும்புகிற இடத்துப் பேரிங். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

பிரேக் கேபிளைக் கழற்றி, சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் நட்டையும் ஃபோர்க் காலில் ஆக்சிலை இறுக்கும் போல்ட்டையும் தளர்த்தி, ஆக்சிலை உருவினால் சக்கரம் கையில் வந்துவிடும். ஹப்பின் ஒரு பக்கத்தை மூடியிருக்கும் பிரேக் பிளேட்டை எடுத்ததும் உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். வாயால் ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டித் தூக்கிப் போடுங்கள்.

இனி சுண்டுவிரலைப் பேரிங்கின் உள்வளையத்தில் விட்டுச் சுற்றுங்கள். நல்ல பேரிங் வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி இருக்கும். உங்களுடையது கல்லுப்பு நெரிபடுகிற மாதிரி இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஆயில் சீலை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுங்கள், அது போனால் போகட்டும், புதுசு போடுங்கள். பிறகு டார்ச் அடித்து சர்க்ளிப், அதாவது பேரிங் வெளியே வராமல் பிடிக்கிற கம்பி வளையம், இருக்கிறதா என்று பாருங்கள். துருவும் கிரீசும் சேர்ந்து மூடியிருந்தால் சர்க்ளிப் இருப்பதே தெரியாது. அதை எடுக்காமல் சுத்தியலை ஓங்கினால் அன்றைக்கு மெக்கானிக் சொன்னபடி ஹப்பையே மாற்ற வேண்டி வரும்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு இரும்புக் குழல் இருக்கும், ஸ்பேசர். நீண்ட கம்பியை விட்டு அந்தக் குழலை ஒரு பக்கமாக நெம்பித் தள்ளினால் எதிர்ப்பக்கப் பேரிங்கின் உள்வளைய விளிம்பு பிறை நிலா மாதிரி கொஞ்சம் தெரியும். அங்கே கம்பியை வைத்து ஒரு தட்டு, எதிர் ஓரத்தில் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் பேரிங் கோணலாகிச் சிக்கிக்கொள்ளும். அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்ட வேண்டாம். சோற்றுப்பானைக்குக் கொதிக்கிற தண்ணீரை ஹப்பைச் சுற்றி ஊற்றுங்கள். அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 42 மில்லிமீட்டர் துளை ஒரு தலைமுடி கனத்துக்கு அகன்றால் போதும், பிடி விட்டுவிடும். கேஸ் வெல்டிங் தீயை மட்டும் காட்டாதீர்கள்.

புதுப் பேரிங் வாங்க வண்டிப் பெயரைச் சொல்லாதீர்கள். பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு 6302 என்றால் உள்துளை 15, வெளிவிட்டம் 42, அகலம் 13 மில்லிமீட்டர். உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். மைசூர் ஃபேக்டரி 1996-இல் மூடிய பிறகும் யெஸ்டிக்குப் பேரிங் கிடைப்பது இதனால்தான். நாகர்கோவிலில் பம்ப்செட், மோட்டார் சாமான் விற்கிற கடையிலேயே கேட்கலாம். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருப்பதை வாங்குங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, நம்ம மழைக்கு அதுதான் சரி. இசட்இசட் என்றால் தகர மூடி, தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. சந்தேகப்படும்படி மலிவான விலையில் பெரிய கம்பெனிப் பெட்டியை யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதுப் பேரிங்கைக் கவரில் கட்டி முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது சாளை மீனுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதற்கு வாங்கும் ஏச்சு தனி. காலையில் ஹப்பைச் சுடுதண்ணீரால் சூடாக்கி, துளையைத் துடைத்து, குளிர்ந்த பேரிங்கை நேராக வையுங்கள். பாதி தானாகவே இறங்கும். மீதியைத் தட்டி இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டுமே அடி விழ வேண்டும். அதே அளவுள்ள பெரிய சாக்கெட், அல்லது வெளிவிளிம்பைக் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கிய பழைய பேரிங், இரண்டில் ஒன்றை மேலே வைத்துத் தட்டுங்கள். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் அவை ஓடும் பாதையில் குழி விழும். பேரிங் அடியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறும். அதுவரை டொக் டொக் என்று வந்தது டங்கென்று கேட்கும். அங்கே நிறுத்துங்கள்.

இப்போது அந்தக் குழல். இரண்டாவது பேரிங்கை இறக்கும் முன் ஸ்பேசரை உள்ளே போட வேண்டும். 1991-இல் என் யெஸ்டிக்கு நான் போடவில்லை. பட்டறை வைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. மாட்டி, இறுக்கி, சக்கரம் கொஞ்சம் கனமாகச் சுற்றுகிறதே, புது பேரிங் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குப் போனேன். கணவாய்க் காற்று எதிரே அடித்தும் ஹப்பில் கை வைக்க முடியாத சூடு. வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா கையில் தூப்பை, இன்னொரு கையில் ஒரு குழல். “ஏலே, கோழிக்கூட்டுக்கு அடியில கெடந்தது, இது உனக்குள்ளதா?”

அந்தக் குழல் இருந்தால்தான் ஆக்சிலை இறுக்கும்போது உள்வளையம், குழல், உள்வளையம் மூன்றும் ஒரே தூணாக நிற்கும். இல்லாவிட்டால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டுக் குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். குழல் துருப்பிடித்து நீளம் குறைந்திருந்தாலும் இதே கதிதான், முனைகளைப் பாருங்கள். ஆக்சில் முழுதாக இறுகிய பிறகும் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

மாட்டும்போது ஒன்றை மட்டும் இரண்டு முறை பாருங்கள். பிரேக் பிளேட் சுழலாமல் பிடிக்கும் ஏற்பாடு, அது ஃபோர்க் காலில் உள்ள காடியோ தனிக் கம்பியோ, சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். விட்டுவிட்டால் முதல் பிரேக்கிலேயே பிளேட் சக்கரத்தோடு சுற்றி, கேபிளை இழுத்துச் சுருட்டி, சக்கரத்தைப் பூட்டிவிடும். ஆளைக் கொல்லும் தப்பு இது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சில் நட்டை இறுக்குங்கள், பிளேட் நடுவில் நிற்கும். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி விட்டுவிட்டு ஃபோர்க் கால் போல்ட்டைக் கடைசியாக இறுக்குங்கள்.

மெக்கானிக் சொன்னதையும் ஒதுக்க வேண்டாம். ஹப்பைச் சூடாக்காமலே புதுப் பேரிங் விரலால் அமுக்கி உள்ளே போய்விட்டால் துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். துளையைச் சுற்றி சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் பொட்டு வைத்து ஒப்பேற்றுவார்கள், அது நாலு மாதம் தாங்காது. லேத்தில் கொடுத்துத் துளையைக் கடைந்து உள்ளே புஷ், அதாவது ஒரு உலோக வளையம், போடச் சொல்லுங்கள். அப்பாவிடம் இனிமேல் வாளியும் துணியும் கொடுங்கள்.

கேள்வி (வாசகர், திங்கள்சந்தை): யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு நானே முன் பேரிங் மாற்றினேன். வண்டி அருமையாக ஓடுகிறது, ஆனால் ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை.

பதில்: தம்பி, பிரேக் பிளேட்டுக்குள் இருக்கும் மீட்டர் பினியன் என்ற பல்சக்கரத்தை ஹப்பில் உள்ள இரண்டு காதுகள்தான் சுற்ற வேண்டும். காதும் காடியும் பொருந்தாமலே ஆக்சிலை இறுக்கியிருப்பீர்கள். மறுபடி கழற்றிப் பாருங்கள், காது வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள். பிளேட்டை வைத்ததும் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே அமுக்கினால் டப்பென்று உள்ளே விழும். அதற்குப் பிறகு நட்டை இறுக்குங்கள்.

கேள்வி (வாசகர், தக்கலை): என் யெஸ்டி 1979. விண்டேஜ் என்று பதிவு செய்யலாமா?

பதில்: 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிதான் விண்டேஜ். உங்களுடையதற்கு 2029 வரை பொறுக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது இவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு அல்ல. தக்கலைச் சந்தைக்கு மரச்சீனி வாங்கப் போகிற வண்டி என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.