முன்பக்கத்தைத் தாழ்த்தலாமா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என்னிடம் 1976ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் உள்ளது. முன்பக்கம் தூக்கி நிற்பதுபோல் தெரிகிறது. வளைவுகளில் அதிகம் சாய்கிறது. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் போதும் என்கிறார்கள். சரியா? (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

உங்கள் காரின் உயரம் ஸ்பிரிங்கால் மட்டும் வந்ததன்று. அமெரிக்க விதிகளுக்கு ஏற்ப 1974இன் பிற்பகுதியில் கறுப்பு ரப்பர் பம்பர் பொருத்தப்பட்டபோது காரே ஓர் அங்குலத்துக்கும் மேலாக உயர்த்தப்பட்டது. முன்பக்கத்தில் இதற்காக, முன் சக்கரங்களின் கைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரின் அமைப்பே மாற்றப்பட்டது. அதே சமயத்தில் பல ரோட்ஸ்டர்களில், வளைவுகளில் சாய்வைக் குறைக்கும் கம்பியான முன் ஆன்டி-ரோல் பார் கைவிடப்பட்டு, 1977 மாடலில்தான் முன்னும் பின்னுமாகத் திரும்ப வந்தது. ஆகவே குனிந்து பார்த்து, அந்தக் கம்பி உங்கள் காரில் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் நீங்கள் குறை சொல்லும் சாய்வில் பெரும்பங்கு அது இல்லாததால் வருவதே. தாழ்த்துவதற்கு முன் அதைப் பொருத்துவதே என் பரிந்துரை.

வெட்டுவதைப் பொறுத்தவரை, என் பதில் வேண்டாம் என்பதே. ஸ்பிரிங், சக்கரத்தைக் காருடன் இணைக்கும் கீழ்க்கையின் ஏறத்தாழ நடுவில் அமர்ந்திருப்பதால், அங்கே குறைக்கும் உயரம் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரு மடங்காக வெளிப்படும்; அரை அங்குலம் என்று நினைத்து வெட்டியவரின் கார் ஓர் அங்குலம் இறங்கிவிடும். சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங்கின் விறைப்பும் கூடும்: இயங்கும் சுற்று எட்டு ஏழானால் விறைப்பு சுமார் 14 விழுக்காடு ஏறும். கேஸ் தீயால் சூடாக்கி அமுக்கும் பழக்கம் இன்னும் மோசமானது, ஏனெனில் எஃகின் பதம் கெட்டு ஸ்பிரிங் தொய்ந்துகொண்டே போகும். இந்தக் காரில் மேல்கையாக வேலை செய்வதே லீவர் ஷாக்கின் (நெம்புகோல் வகை அதிர்வுத் தணிப்பான்) கைதான் என்பதால், மற்றக் கார்களில் செய்வதுபோல் குட்டையான ஷாக்கை வாங்கி மாட்டிச் சமாளிக்கவும் வழியில்லை. அதிகம் தாழ்த்திய கார், சக்கரம் மேலே ஏறும் எல்லையில் இடி தாங்கும் பம்ப் ரப்பரின் மீதே ஓடும். பிறகு ஸ்பிரிங் மென்மையா, விறைப்பா என்ற பேச்சுக்கே இடமில்லை.

முறையான வழி இரண்டு. குட்டையாகவே வடிவமைக்கப்பட்ட ஸ்பிரிங்கை மாற்றுவது ஒன்று. ரப்பர் பம்பருக்கு முந்தைய குரோம் பம்பர் காலத்துக் கிராஸ்மெம்பரைப் பொருத்துவது மற்றொன்று. இதில் கைகளின் கோணம் கெடாது, ஆனால் இன்ஜினைத் தாங்கிப் பிடித்துச் செய்ய வேண்டிய பெரிய வேலை இது, ஸ்டியரிங் தண்டின் பொருத்தத்தையும் சரிபார்க்க வேண்டும். எந்த வழியானாலும், தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டயரின் அளவு அப்போது கணக்கைக் குழப்பாது. சுருங்கிய ஸ்பிரிங்கில் தேங்கியிருக்கும் விசை ஆளைக் கொல்லக்கூடியது என்பதால், ஜாக்கை மட்டும் நம்பிப் போல்ட்டைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: டாட்சன் 240இசட் காரில் குட்டை ஸ்பிரிங் போட்ட பிறகு, தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் வளைவுகளில் சிறு மேடு வந்தாலே ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. அலைன்மென்ட் செய்தும் பயனில்லை. (கெலுகோர், பினாங்கு)

அலைன்மென்ட் என்பது கார் அசையாமல் நிற்கும்போது சக்கரங்களின் கோணத்தைப் பார்க்கும் கணக்கு. உங்கள் பிரச்சினை சக்கரம் மேலும் கீழும் போகும்போது பிறக்கிறது. உங்கள் காரில் உள்ள, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக அமைந்த மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் கார் தாழும்போது கீழ்க்கையின் வெளிமுனை மேல்நோக்கிச் சாயத் தொடங்கும். அப்போது கையும், ஸ்டியரிங்கைச் சக்கரத்துடன் இணைக்கும் டை ராடும் வெவ்வேறு வட்டத்தில் நகர்வதால், மேட்டில் ஏறும் சக்கரம் கேட்காமலே உள்ளேயோ வெளியேயோ திரும்புகிறது. இத்துடன், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டரும் காரின் எடை மையத்தைவிட விரைவாக இறங்கிவிடும். தாழ்த்திய கார் முன்னைவிட அதிகமாகச் சாய முற்படுவது பலருக்கு வியப்பாக இருந்தாலும் அதன் காரணம் இதுவே.

ஸ்ட்ரட்டுக்கும் ஸ்டியரிங் கைக்கும் இடையில் பொருத்தும் ஸ்பேசர் இவ்விரண்டையும் ஓரளவு சரிசெய்யும், ஏனெனில் அது கீழ்க்கையின் வெளிமுனையில் உள்ள பால் ஜாயின்டையும் டை ராடையும் ஒருசேரக் கீழே இறக்குகிறது. சக்கர ரிம்மின் உட்பக்கத்தில் இடிக்கிறதா என்று பார்த்த பின்னரே போல்ட்டை இறுக்குங்கள். இல்லையேல், அரை அங்குலம் திரும்ப உயர்த்தி ஓட்டிப் பாருங்கள். பாலிக் புலாவ் சாலையில் அழகைவிட அதுவே உங்களுக்கு உதவும்.

கேள்வி: 1973 போர்ஷே 911இன் முன்பக்கத்தை இரண்டு திருகுகளைத் திருப்பியே தாழ்த்தலாமாமே? (பங்சார், கோலாலம்பூர்)

ஆம். காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, முறுகி ஸ்பிரிங்போல் வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பார் உள்ள கார் என்பதால், முன்பக்கத்தில் சரிசெய்யும் திருகு உண்டு. பின்பக்கத்துக்கு அந்த வசதி இல்லை. கம்பியைக் கழற்றி, அதன் முனையில் உள்ள பற்களை மாற்றிப் பொருத்த வேண்டும். அதனால்தான் முன்பக்கம் மட்டும் குனிந்த 911கள் அதிகம் கண்ணில் படுகின்றன. நான் அதை விரும்புவதில்லை. நான்கு மூலைகளின் எடையையும், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் எடையையும், பார்த்தே திருகைத் தொடுங்கள்.

கேள்வி: தாழ்த்திய பிறகு ஒரு மாதத்திலேயே ரப்பர் புஷ்கள் கிழிந்துவிட்டன. தரக்குறைவான சாமானா? (செந்தூல், கோலாலம்பூர்)

பெரும்பாலும் இல்லை. புஷ் என்பது கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை. கார் தூக்கப்பட்டுச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டுகளை இறுக்கியிருப்பார்கள்; கீழே இறக்கியதும் புஷ் முறுகிய நிலையிலேயே கிடந்து கிழிகிறது. புதியவற்றைப் போட்டு, கார் தன் சொந்த எடையில் தரையில் நிற்கும்போது இறுதியாக இறுக்கச் சொல்லுங்கள்.