கொரோனா கால வழக்குகள்: குழித்துறை வக்கீலிடம் கேளுங்க

கேள்வி: அண்ணே, 2020 ஊரடங்குல மார்த்தாண்டத்துக்கு பைக்ல போனேன்னு 188 (அரசு உத்தரவை மீறினதுக்கான இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு) போட்டாங்க. இப்போ கத்தார் வேலை வந்திருக்கு. போலீஸ் சான்றிதழ்ல சிக்கல் வருமா?

பதில்: வரலாம் தம்பி. 2021 பிப்ரவரியில, ஊரடங்கு வழக்குகள் சுமார் 10 லட்சத்தைத் திரும்பப் பெறுறதா அப்போதைய முதல்வர் அறிவிச்சார். போலீசாரைத் தடுத்தது, போலி இ-பாஸ் எடுத்தது அதுல சேராது. ஆனா அறிவிப்பு வந்ததும் உங்க வழக்கு தானா முடிஞ்சிருக்கும்னு இருந்துராதீங்க. குற்ற எண்ணை (போலீஸ் வழக்குப் பதிவு எண்) வாங்கி கோர்ட்டுல நிலைமையைப் பாருங்க. வழக்கு இன்னும் முடியலைன்னா உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில ரத்து மனு போடலாம். 188-ஐப் பொறுத்தவரை, அரசு ஊழியர் எழுத்துல புகார் கொடுத்தாத்தான் மாஜிஸ்திரேட் எடுக்க முடியும். போலீஸ் குற்றப்பத்திரிகை மட்டும் போதாதுன்னு 2018-லேயே ஜீவானந்தம் வழக்குல உயர் நீதிமன்றம் சொல்லியாச்சு.

ஒரு பையன் 188 வழக்கு ரசீதை நாலா மடிச்சு பர்ஸ்ல வச்சிருந்தான். மடிப்பு விழுந்த இடத்துலதான் குற்ற எண். அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் அலைஞ்சோம். எந்தத் தாளானாலும் அன்னைக்கே நகல் எடுங்க.

கேள்வி: எனக்கும் 188தான், துபாய்க்குப் போகணும்.

பதில்: மேலே சொன்னதேதான்.

கேள்வி: ஊசி போட்டாத்தான் உள்ளே விடுவோம்னாங்களே, சரியா?

பதில்: யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாதுன்னு 2022 மே 2-ல, ஜேக்கப் புலியேல் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. நோய் பரவுற நேரத்துல கட்டுப்பாடு வைக்கலாம், ஆனா அது ஆபத்தின் அளவை மீறக்கூடாது.

கேள்வி: டாஸ்மாக்கைத் திறந்துட்டு சர்ச்சுகளைப் பூட்டினாங்க. மதச் சுதந்திரம் எங்கே போச்சு?

பதில்: அரசியல் சட்டம் 25-வது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவைகளுக்கு உட்பட்டுன்னுதான் ஆரம்பிக்குது. அதை மட்டும் பிடிச்சா தோற்போம்.

கேள்வி: அப்போ சாராயக் கடை வரிசையில நோய் வராதா?

பதில்: இதுதான் சரியான கேள்வி. இது 14-வது பிரிவு, சமத்துவம். ஒரே ஆபத்துள்ள ரெண்டு இடத்தை ஏன் வேறா நடத்தினீங்கன்னு கேட்கலாம். 2020 மே 7-ல கடை திறந்தாங்க. மறுநாளே, இடைவெளி இல்லைன்னு உயர் நீதிமன்றம் மூடச் சொல்லிச்சு. 15-ந் தேதி உச்ச நீதிமன்றம் அதுக்குத் தடை போட்டுது.

கேள்வி: கோயிலும் பூட்டித்தானே கிடந்துது? சர்ச்சுகளை மட்டும் ஏன் சொல்லுறீங்க?

பதில்: ரெண்டு பக்கத்து வேதனையும் ஒண்ணுதான். இங்க அதுக்குச் சண்டை வேண்டாம். எங்க அம்மை அடக்கத்துக்கு 20 பேர் கணக்கு. அவங்க கைபிடிச்சு வளர்த்த பிள்ளைங்க வீட்டு வாசல்ல நின்னு அழுதாங்க. அந்தக் கட்டுப்பாடு தேவைன்னு அன்னைக்கும் நினைச்சேன், இன்னைக்கும் நினைக்கிறேன். ஆனா எதுக்காக, எத்தனை நாளைக்குன்னு அரசு சொல்லியாகணும். அதைக் கேட்கத்தான் கோர்ட்டு இருக்கு.

கேள்வி: களியக்காவிளையில கேரள எல்லையை மறுபடி அடைச்சா என்ன செய்ய? எங்களுக்கு ஆஸ்பத்திரி திருவனந்தபுரம்தான்.

பதில்: கேரள எல்லைத் தலப்பாடியில கர்நாடகா ரோட்டை அடைச்சப்போ, 2020 ஏப்ரல் 1-ல கேரள உயர் நீதிமன்றம் நோயாளிகளுக்கு வழி விடச் சொல்லிச்சு. டாக்டர் சீட்டும் அடைப்பு உத்தரவும் கையில வேணும். உத்தரவு நகல் இல்லாம மதுரைக்கு பஸ் ஏறாதீங்க.

கேள்வி: முகக்கவசம் போடலைன்னு 200 ரூபாய் அபராதம் கட்டினேன், திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது.

கேள்வி: தோட்டத்து எல்லைத் தகராறு ஒண்ணு...

பதில்: சிவில் வக்கீலைப் பாருங்க.

கேள்வி: 188 ரசீது கிடைச்சுது சார், மை அழிஞ்சுட்டு.

பதில்: தேதியும் ஸ்டேஷனும் தெரியுமா? எழுதிட்டு திங்கட்கிழமை காலையில கோர்ட்டுக்கு வாங்க.