கதவு தட்டும் சத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாகாவரம் பெற்ற வீரர்களின் கதையான 'தி ஓல்ட் கார்டு' படம் 2020இல் வந்தபோது மிகவும் ரசித்தேன். 2025இல் வந்த இரண்டாம் பாகத்தில் பாதிக்கு மேல் பொறுமை போய், வேகத்தைக் கூட்டி ஓட்டிவிட்டேன். கதையையும் முடிக்கவில்லை. காமிக்ஸ் எழுதியவரை ஒதுக்கிவிட்டார்களோ? அதையாவது வாங்கிப் படிக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

ஓட்டிப் பார்த்த படத்தைப் பற்றிப் புகார் வேறா? பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கலாம். யாரையும் ஒதுக்கவுமில்லை, காமிக்ஸ் எழுதிய கிரெக் ருக்காவின் பெயர் திரைக்கதையிலேயே இருக்கிறது. சரி, ஏமாற்றம் எனக்கும்தான்.

முதல் படமும் 'தொடரும்' என்றுதான் முடிந்தது. பாரீஸில் குடித்துவிட்டு வீடு திரும்பும், அந்த வீரர்களில் ஒருவனான புக்கரின் எதிரே குவின் நிற்பாள். இரும்புக் கூட்டில் அடைபட்டு, கடலடியில் 500 வருடம் செத்துச் செத்துப் பிழைத்தவள். ஆனால் அதற்குள் அந்தப் படத்தின் கதை முடிந்திருந்தது. வீரர்களின் தலைவி ஆண்டியின் சாகாவரம் போயிருந்தது. துரோகம் செய்த புக்கரை 100 வருடம் தள்ளி வைத்திருந்தார்கள்.

என் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை பிளேடால் வெட்டி பைண்டு செய்து வைப்பார். பின்பக்கத்தில் பாதி வத்தக்குழம்பு செய்முறையும் தைல விளம்பரமும் சேர்ந்தே வரும். விடுமுறையில் அவற்றை ஒரே மூச்சில் படிக்கும்போதுதான் எந்த எழுத்தாளர் ஏய்க்கிறார் என்று பிடிபடும். நள்ளிரவில் கதவு தட்டப்படும், அத்தியாயம் முடியும். அம்மா அதற்காக ஒரு வாரம் தவித்திருப்பார். நான் பக்கத்தைத் திருப்பினால், வந்தவன் தந்திக்காரன், தந்தியிலும் ஒன்றுமில்லை. நல்ல எழுத்தாளரும் கதவைத் தட்டத்தான் செய்வார். ஆனால் அதற்கு முன்பே ஒரு ரகசியம் உடைந்திருக்கும், ஒரு உறவு முறிந்திருக்கும். அந்த வாரத்துக்கு உரியது கைக்கு வந்திருக்கும்.

இந்த இரண்டாம் பாகத்தில் என்ன வந்தது? ஆண்டியும் அவளுடைய பழைய தோழி குவினும் 500 வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள். இருவரும் உட்கார்ந்து பேசினாலே ஒரு படம் தேறும். அடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஊமா தர்மன் டிஸ்கார்ட் என்ற வில்லியாக வருகிறார்; சாகாவரத்தைக் கைமாற்றலாம் என்று புது விதி வருகிறது. புக்கர் தன்னுடையதை ஆண்டிக்குக் கொடுத்துவிட்டுச் சாகிறான். அழவேண்டிய இடம். எனக்கோ வங்கிக் கணக்கில் பணம் மாறியது போலத்தான் இருந்தது. கடைசியில் கூட்டாளிகளை டிஸ்கார்ட் பிடித்துப்போக, மீட்கக் கிளம்புகிறார்கள். அவ்வளவுதான் படம்! கிளம்பிய பிறகு நடப்பதல்லவா கதை?

காமிக்ஸ் கேட்டீர்களே. வாங்குங்கள், 2017இல் வந்த முதல் தொகுதியிலிருந்து. லியாண்ட்ரோ ஃபெர்னாண்டஸின் ஓவியம். அதில் குவினைத் தேடாதீர்கள். அந்த இடத்தில் நோரிகோ என்ற ஜப்பானியப் பெண் இருக்கிறாள்.