குழுவில் சேர்த்தாயிற்று, அனுமதி ஏன் வரவில்லை?

கேள்வி: ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர்களையும் குழுக்களையும் நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) ஒரு ஊழியரைக் கணக்குப் பிரிவுக் குழுவில் சேர்த்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் அவருக்கு அந்தப் பிரிவின் கோப்புறை திறக்கவில்லை. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் எங்கும் தவறு இருக்காது. அவரை லாக்-ஆஃப் செய்துவிட்டு மீண்டும் உள்ளே வரச் சொல்லுங்கள். ஒருவர் உள்நுழையும்போதே, அவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று விண்டோஸ் பட்டியலெடுத்து ஒரு டோக்கனில் குறித்துக்கொள்கிறது. பிறகு நீங்கள் குழுவில் செய்யும் மாற்றம் அந்த டோக்கனுக்குத் தெரியாது. கோப்பு சர்வரிடம் அடையாளச் சீட்டாகக் காட்டப்படும் கெர்பரோஸ் டிக்கெட்டிலும் பழைய பட்டியல்தான் இருக்கும். இயல்பான அமைப்பில் அதன் ஆயுள் 10 மணி நேரம்.

லினக்ஸிலும் இதே கதைதான். அங்கே சோதிப்பது எளிது. 'ஐடி' (id) கட்டளையை வெறுமனே கொடுத்தால் இப்போதைய அமர்வின் குழுக்கள் வரும். பயனர் பெயரோடு கொடுத்தால் பதிவேட்டில் உள்ள குழுக்கள் வரும். இரண்டும் வேறுபட்டால் மறுபடி லாகின் செய்தே ஆகவேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. குழுவிலிருந்து நீங்கள் நீக்கிய ஒருவர், ஏற்கெனவே உள்ளே இருந்தால், வெளியேறும்வரை பழைய அதிகாரத்தோடுதான் உலவுவார். பணிநீக்கம் போன்ற அவசரங்களில் கணக்கை முடக்குங்கள்; சர்வரில் திறந்திருக்கும் அவருடைய அமர்வுகளையும் சேர்த்தே மூடுங்கள்.

கேள்வி: பகிர்வு அனுமதியில் எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டேன். ஆனாலும் யாராலும் எழுத முடியவில்லை.

பதில்: நெட்வொர்க்கில் பகிர்வதற்கான பகிர்வு அனுமதி ஒன்று, வட்டில் உள்ள கோப்புறைக்கே உரிய என்டிஎஃப்எஸ் அனுமதி இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே செல்லும். உங்கள் கோப்புறையின் 'பாதுகாப்பு' தாவலைப் பாருங்கள். அங்கே வாசிக்க மட்டும் என்று இருக்கும். பகிர்வில் தாராளமாக விட்டு, கட்டுப்பாட்டை முழுக்க என்டிஎஃப்எஸ்ஸில் வைப்பதே என் வழக்கம். சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து சோதிக்காதீர்கள். அங்கே பகிர்வு அனுமதி கணக்கிலேயே வராது.

கேள்வி: ஒரு குழுவில் இருபது பேர். ஒருவர் மட்டும் சம்பளக் கோப்புறையைப் பார்க்கக் கூடாது. அவர் பெயருக்கு 'மறுப்பு' போட்டுவிடலாமா?

பதில்: போடலாம், வேலையும் செய்யும். ஆனால் ஓராண்டு கழித்து அந்த ஒற்றை மறுப்பைத் தேடி வேறொரு நிர்வாகி மண்டையை உடைத்துக்கொள்வார். மறுப்பு எப்போதும் வெல்லும் என்று பலர் நம்புவதும் முழு உண்மை இல்லை. விண்டோஸ் பார்க்கும் வரிசை இது: நேரடியாகக் கொடுத்த மறுப்பு, நேரடி அனுமதி, மேல் கோப்புறையிலிருந்து வழிவரும் மறுப்பு, வழிவரும் அனுமதி. மேலே மறுப்புப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். கீழே ஒரு துணைக் கோப்புறையில் அவருக்கு யாரோ நேரடி அனுமதி கொடுத்திருந்தால், மறுக்கப்பட்டவர் தாராளமாக உள்ளே போவார்.

இருபது பேரில் ஒருவருக்குக் கூடாது என்றால், அந்தக் கோப்புறைக்கு உரியவர்கள் வேறு கூட்டம் என்று பொருள். பத்தொன்பது பேருக்குத் தனிக் குழு அமையுங்கள், பழைய குழுவின் அனுமதியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். கூடுதல் வேலைதான். ஆனால் யார் பார்க்கலாம் என்று கேட்டால் குழுவின் உறுப்பினர் பட்டியலைக் காட்டினாலே போதும்.

கேள்வி: லினக்ஸில் ஒருவரைப் புதுக் குழுவில் சேர்த்தேன். இப்போது அவருக்கு சூடோ உரிமையே (நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை இயக்கும் உரிமை) போய்விட்டது!

பதில்: 'யூசர்மாட்' (usermod) கட்டளையில் பெரிய 'ஜி'யை (-G) மட்டும் கொடுத்திருப்பீர்கள். அது சேர்ப்பதில்லை, பழைய துணைக் குழுக்களை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறது; சூடோ உரிமை தந்த குழுவும் அதில் போய்விட்டது. கூடவே சிறிய 'ஏ' (-a) வேண்டும். வேறொரு நிர்வாகி இருந்தால் அவர் மூலம் மீட்டுவிடுங்கள். இல்லையென்றால் மீட்பு முறையில் பூட் செய்வதுதான் வழி.

கேள்வி: லினக்ஸில் குழுவுக்கான பொது அடைவில் ஒருவர் உருவாக்கிய கோப்பை மற்றவர்களால் திருத்த முடியவில்லை. 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்துச் சமாளிக்கிறோம். சரியா?

பதில்: சரியில்லை. அது அனுமதி கொடுப்பது ஆகாது, அனுமதி என்ற ஏற்பாட்டையே கைவிடுவது. அடைவின் குழுவை மாற்றிவிட்டு 2770 கொடுங்கள்; 770 என்றால் உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. முன்னால் உள்ள 2, உள்ளே பிறக்கும் ஒவ்வொரு கோப்பும் உருவாக்கியவரின் முதன்மைக் குழுவுக்குப் போகாமல், அடைவின் குழுவையே எடுத்துக்கொள்ளச் செய்கிறது. அதோடு யூமாஸ்க்கையும் (புதிய கோப்பில் எந்த உரிமைகளைக் கழிப்பது என்று சொல்லும் எண்) பாருங்கள். 022 என்றிருந்தால் புதிய கோப்பில் குழுவுக்கு எழுதும் உரிமை வராது, 002 ஆக்குங்கள். ஒவ்வொருவரின் யூமாஸ்க்கையும் துரத்த முடியாது என்றால், அடைவுக்கு இயல்புநிலை ஏசிஎல் (உள்ளே உருவாகும் கோப்புகளுக்கான அனுமதிப் பட்டியல்) அமைப்பது மேல்.

ஒரு கோப்பை வாசிக்க மட்டும் என்று வைத்திருந்தும் யாரோ அழித்துவிட்டார்கள் என்று அடுத்து எழுதுவீர்கள், முன்பே சொல்லிவிடுகிறேன்: அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, அடைவின் எழுதும் உரிமையில் இருக்கிறது. அவரவர் கோப்பை அவரவர் மட்டும் அழிக்க வேண்டுமென்றால் ஸ்டிக்கி பிட்டைச் சேர்த்து 3770 ஆக்குங்கள்.

கேள்வி: ஒரே ஒரு பயனருக்கு மட்டும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகப் பகிரப்படும்) அடைவுகளில் சில திறக்கின்றன, சில திறக்கவில்லை. குழுக்கள் எல்லாம் சரியாகவே உள்ளன.

பதில்: அவர் எத்தனை குழுக்களில் இருக்கிறார் என்று எண்ணுங்கள். என்எஃப்எஸ்ஸின் பழைய அங்கீகார முறை 16 துணைக் குழுக்களை மட்டுமே சுமந்து செல்லும். மீதி ஓசையின்றி உதிர்ந்துவிடும். குழுப் பட்டியலை சர்வரே தன் பக்கம் தேடிக்கொள்ளுமாறு அமைக்கலாம். ஒருவருக்கு இத்தனை குழுக்கள் ஏன் என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: விலகிய ஊழியரின் கணக்கை அழித்துவிட்டோம். அவர் திரும்பி வந்ததும் அதே பெயரில் புதிதாக உருவாக்கினோம். பழைய அனுமதி ஒன்றும் வேலை செய்யவில்லை.

பதில்: விண்டோஸுக்குப் பெயர் முக்கியமில்லை, ஒவ்வொரு கணக்குக்கும் அது தரும் தனி அடையாளமான எஸ்ஐடி எண்தான் முக்கியம். பெயர் அதேயானாலும் எண் புதிது. கோப்புறையின் அனுமதிப் பட்டியலைத் திறந்தால், அவர் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் அநாதையாக நிற்பதைக் காண்பீர்கள். ஆக்டிவ் டைரக்டரியின் ரீசைக்கிள் பின் (அழித்த கணக்குகளைச் சிறிது காலம் வைத்திருக்கும் வசதி) முன்பே இயக்கப்பட்டிருந்தால், காலக்கெடுவுக்குள் பழைய கணக்கை அதே எண்ணோடு மீட்கலாம். இல்லையென்றால், அனுமதிகள் குழுக்கள் வழியாகக் கொடுக்கப்பட்டிருந்தவரை, புதிய கணக்கை அந்தக் குழுக்களில் சேர்த்தால் ஐந்து நிமிட வேலை. அவர் பெயருக்கே நேரடியாகக் கொடுத்திருந்தால் கோப்புறை கோப்புறையாகப் போய் மாற்ற வேண்டியதுதான். இனிமேல் யாராவது விலகினால் உடனே அழிக்காமல் கணக்கை முடக்கி வையுங்கள்.